ஆஃப்கோர்ஸ் வாத்தியார்

பஞ்சாபகேசய்யருக்கு உடம்பிலேயே ஒரு எதிரி உண்டென்றால் அது அவர் காதுதான். மற்றவர்களுக்குக் காலில் முள் ஏறினால் வலிக்கும். இவருக்குக் காதில் ஒரு இங்கிலீஷ் சொல் ஏறினால் வலிக்கும். எல்லாச் சொல்லும் அல்ல. ஊரில் அந்த வருஷம் எது நாகரிகமோ, அந்தச் சொல். வக்கீல் வாயில் பிறந்து, குமாஸ்தா வாயில் வளர்ந்து, வெற்றிலைக் கடைக்காரன் வாயில் புழுத்துப்போகும் சொல். ஒரு வருஷம் மதுரை முழுக்க 'ஐ ஸே' என்றது. ஜட்கா வண்டிக்காரன் குதிரையைப் பார்த்து 'ஐ ஸே' என்றான். மறு வருஷம் 'நெவர் மைண்ட்'. சித்திரை வீதியில் மாடு முட்டி விழுந்த ஒரு பெரிய மனிதர் வேட்டியைத் தட்டிக்கொண்டே 'நெவர் மைண்ட்' என்று எழுந்து போனதை இவர் கண்ணாலேயே பார்த்தார். மாடு இன்னொரு முட்டு முட்டியிருக்கலாம் என்று வீட்டுக்கு வந்து ரொம்ப வருத்தப்பட்டார். அப்புறம்தான் 'ஆஃப்கோர்ஸ்' வந்து சேர்ந்தது. ஆமாம், அதிலென்ன சந்தேகம் என்பதற்கு அந்தச் சொல். மற்றதெல்லாம் வந்த வழியே போயிற்று. இந்தச் சனியன் மட்டும் போகவே இல்லை.

மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில் வீடு. ஒரு ஹைஸ்கூலில் மேல் வகுப்புகளுக்கு இங்கிலீஷ் வாத்தியார். நன்றாகச் சொல்லிக் கொடுப்பார். அதை இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். ஆனால் ஒரு பையன் வாய் தவறி 'ஆஃப்கோர்ஸ் சார்' என்று சொல்லிவிட்டால் தொலைந்தான். "எச்சில் சொல்லுடா அது! நூறு பேர் மென்னு துப்பினதை எடுத்து வாயில போட்டுக்கறயே, வெக்கமா இல்லே?" என்று ஆரம்பிப்பார். அதோடு விட்டால் பரவாயில்லையே. அந்தப் பையனின் குரலிலேயே, அவன் மூக்கால் பேசினால் மூக்கால், திக்கினால் திக்கி, அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டுவார். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். நாளைக்கும் சொல்லிக் காட்டுவார். அடுத்த மாசமும். பள்ளிக்கூடமே வேண்டாம் என்று ஓடிப்போன பையன்கள் உண்டு. "போகட்டும், காது மிச்சம்" என்றுதான் அதற்கும் சொன்னார்.

வீட்டில் பெண்டாட்டி பாகீரதி பட்டதுக்குச் சாட்சி கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில், அவர் கூடத்தில் டியூஷன் எடுப்பதைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக் கேட்டு அவளும் நாலு சொல் கற்றுக்கொண்டாள். சின்னப் பெண்தானே, ஆசை. ஒருநாள் ரசம் பரிமாறும்போது அவர் கையில் ஒரு சொட்டுத் தெறித்துவிட்டது. "ஸாரி" என்றாள். எங்கே சந்தோஷப்படுவாரோ என்று ஒரு நப்பாசையோடு முகத்தைப் பார்த்தாள்.

அவர் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

இலையை மடித்தால் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அந்த வீட்டு வழக்கப்படி புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் பெண்டாட்டி சாப்பிட வேண்டும். அவர் இலையை மடித்துவிட்டால் அந்த வேளை அவளுக்கும் சோறில்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் மடித்தார் மனுஷர். அவருக்கு ஹோட்டல் இருந்தது. ரவா தோசையும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வந்தார். 'தேங்க்ஸ்' என்று ஒருதரம், 'ஆல்ரைட்' என்று ஒருதரம், அடுத்த வீட்டுக்காரியிடம் 'பை த பை' என்று சொன்னது காதில் விழுந்து ஒருதரம். மூணு தடவையும் இலை மடிந்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் பாகீரதி இங்கிலீஷ் மட்டுமல்ல, தமிழையும் குறைத்துக்கொண்டாள். பத்துப்பாத்திரம் தேய்க்க வில்லாபுரத்திலிருந்து வரும் ராக்கம்மாளிடம் மட்டும் கொல்லைப்புறத்தில் வாய் திறப்பாள்.

ஒரே பெண், ஸ்யாமளா. அவளுக்குக் கல்யாண வயசு வந்தபோது ஊர் வாயில் 'ஆஃப்கோர்ஸ்' உச்சத்தில் இருந்தது.

பஞ்சாபகேசய்யருடைய தங்கை விஜயத்துக்கு ஒரே பிள்ளை, அனந்தராமன். சென்னையில் மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை. முறை மாப்பிள்ளை, கைக்கெட்டின தூரத்தில் இருக்கிறான், ஆள் பார்க்க லட்சணம். ஸ்யாமளா அவனை நினைத்துக்கொண்டுதான் தலையே வாரிக்கொண்டாள். பாகீரதிக்கும் அவன்மேல் உயிர். அவன் ஒருவன்தான் அந்த வீட்டுச் சமையலறை வாசலில் நின்று, "மாமி, எப்படி இருக்கேள்?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரைக்கும் நிற்பவன்.

ஒரு பொங்கலுக்கு வந்திருந்தான். மாமாவும் மருமானும் எதிரெதிரே இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். சென்னை எப்படியிருக்கிறது என்று இவர் கேட்டார். "ஆஃப்கோர்ஸ், கூட்டம் ஜாஸ்தி மாமா" என்றான். வேலை? "ஆஃப்கோர்ஸ், பெர்மனென்ட்தான்." அம்மாவை அழைத்து வைத்துக்கொள்ளப் போகிறாயா? "ஆஃப்கோர்ஸ், ஆஃப்கோர்ஸ்!" அவன் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் பஞ்சாபகேசய்யர் தன் இலையிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து இலை ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டே வந்தார். பரிமாறிக்கொண்டிருந்த பாகீரதிக்கு அது கண்ணில் பட்டுவிட்டது. அவன் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினாள். அந்த மடையன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

மோர் சாதம் முடிந்தது. இலையைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினார்.

"இது என்ன தெரியறதா? நீ இப்போ சொன்ன ஆஃப்கோர்ஸ். அத்தனையும் எச்சில். எடுத்து வாயில போட்டுண்டு எழுந்திரு."

ஸ்யாமளா உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அனந்தராமன் முகம் கறுத்தது. ஆனால் சிரிப்பை விடவில்லை. "ஆஃப்கோர்ஸ் மாமா, உங்க எச்சில் எனக்குப் பிரசாதம்" என்று ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

இலை, கும்பா, தம்ளர் எல்லாம் பறந்தது. "வெளியில போடா! இந்த ஆத்துப் படியை இனிமே மிதிச்சே, காலை ஒடிச்சுடுவேன்!"

பத்து நாளைக்குள் அவர் வேறு இடம் பார்த்துவிட்டார். வாடிப்பட்டியில் நிலபுலத்தோடு ஒரு குடும்பம். பையன் பிச்சுமணி பத்தாவது தேறாதவன். வயலைப் பார்ப்பான், மாட்டைப் பார்ப்பான், யாராவது ஏதாவது கேட்டால் தரையைப் பார்ப்பான். பெண் பார்க்க வந்த அன்று மூணு மணி நேரம் இருந்தான். "தீர்த்தம்" என்று கேட்டு வாங்கிக் குடித்ததுதான் அவன் பேசின பேச்சு. பஞ்சாபகேசய்யருக்குப் பரம திருப்தி. ஸ்யாமளா கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள்.

பாகீரதி அன்றைக்குப் பல வருஷத்துக்கப்புறம் அவர் எதிரில் வந்து நின்று வாய் திறந்தாள்.

"ஏன்னா, கொழந்தை அழறா. அவ மனசு அனந்துகிட்டேதான் இருக்கு. அவன் ஏன் வேண்டாம்? ஒரு காரணம் சொல்லுங்கோ, நான் அவளுக்குச் சொல்லித் தேத்திக்கறேன்."

"காரணம் சொன்னா உனக்குப் புரியுமா?" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"சொன்னாத்தானே புரியும்?"

"உன் மண்டைக்கு எச்சில் சொல்லே போதும். போ, போய் அடுப்பைப் பாரு."

போனாள். அடுப்பைப் பார்த்தாள். அடுப்பு எரிந்ததோ இல்லையோ, அவள் வயிறு எரிந்தது.

அந்த ஆனி மாசத்தில் ஒருநாள் மத்தியானம், வகுப்பில் ஒரு பையன் 'ஆஃப்கோர்ஸ்' என்று சொல்லித் தொலைத்தான். வழக்கம்போலப் பஞ்சாபகேசய்யர் அவனைப்போலவே தோளைக் குலுக்கி, வாயைக் கோணிக்கொண்டு "ஆஃப்கோர்ஸ்" என்று சொல்லிக் காட்டினார். வகுப்பு சிரித்தது. கோணின வாய் நிமிரவில்லை. அதையும் வேடிக்கை என்று நினைத்துப் பையன்கள் இன்னும் சிரித்தார்கள். அவர் மேஜையோடு சரிந்து விழுந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

ஜட்காவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டுப் போகும்போது பாகீரதியை வாசலுக்கு அழைத்துத் தனியாகச் சொன்னார்: "அம்மா, அவருக்கு எல்லாம் காதுல விழறது, எல்லாம் புரியறது. ஆனா வாயில, விழறதுக்கு முன்னால சொன்ன அந்த ஒரு சொல்தான் வரும். ஆமான்னு நினைச்சாலும் அதுதான், இல்லைன்னு நினைச்சாலும் அதுதான். தலை ஆட்டறதையும் நம்பாதீங்கோ, அது தன் பாட்டுக்கு ஆடும். எதையும் அவர்கிட்டக் கேட்டு முடிவு பண்ணிடாதீங்கோ."

பாகீரதி உள்ளே வந்தாள். "வலிக்கறதா?" என்றாள்.

"ஆஃப்கோர்ஸ்" என்றார் பஞ்சாபகேசய்யர். சொன்ன மறு நிமிஷம் அவர் கண் பயந்து விரிந்தது. மறுபடி முயன்றார். "ஆஃப்கோர்ஸ்." இடது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். "ஆஃப்கோர்ஸ்! ஆஃப்கோர்ஸ்!"

பாவம் என்று தோன்ற வேண்டும்தான். பாகீரதிக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கொல்லைக்கு ஓடி, கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும் ஒரு யோசனை வந்தது. டாக்டர் சொன்னது தன் ஒருத்திக்குத்தானே தெரியும் என்று அவளுக்குப் பட்டது.

மறுநாள் ஸ்யாமளாவிடம் சொன்னாள்: "அப்பா விடியக்காலம் என்னோட மெள்ளப் பேசினார்டி. அனந்துவை வரச்சொல்லு, தப்புப் பண்ணிட்டேன்னார்." பார்க்க வந்த எல்லாரிடமும் இதையே சொன்னாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ராக்கம்மாள் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அய்யரு எப்பம்மா பேசுனாரு? நான் வந்ததுலருந்து அந்த ஒத்தச் சொல்லத்தான சொல்லிக்கிட்டுக் கெடக்காரு?"

பாகீரதி அவளைப் பார்த்த பார்வையில் ராக்கம்மாள் சாம்பலை அள்ளிக்கொண்டு மறுபடி குனிந்துகொண்டாள். "எனக்கென்னம்மா, நான் எதையும் பாக்கல, கேக்கல" என்றாள்.

வாடிப்பட்டிக்காரர்களை வரவழைத்தாள். விஜயத்தையும் அனந்தராமனையும் வரவழைத்தாள். சந்திலிருந்த பெரியவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். கட்டிலைக் கூடத்தில் கொண்டுவந்து போட்டு, அவரைத் தலையணையில் சாய்த்து, விபூதி இட்டுவிட்டு, தலைமாட்டில் நின்றுகொண்டாள். அவள் அவ்வளவு பேர் நடுவில் நின்று பேசியது அதுவே முதல் தடவை. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"ஏன்னா, வாடிப்பட்டிச் சம்பந்தம் நமக்கு ஒத்துவராது, விட்டுடலாமா?"

பஞ்சாபகேசய்யர் அவளை நிமிர்ந்து பார்த்தார். புரிந்துவிட்டது. புரியாமல் என்ன? "ஆஃப்கோர்ஸ்" என்றார்.

"நம்ம அனந்துவுக்கே ஸ்யாமளாவைக் கொடுத்துடலாமா?"

உதட்டைக் கடித்தார். சொல்லக்கூடாது என்று பல்லைக் கிட்டித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் அது வாயைப் பிளந்துகொண்டு வந்தது. "ஆஃப்கோர்ஸ்! ஆஃப்கோர்ஸ்!" இடது கை கட்டில் சட்டத்தை ஓங்கி ஓங்கி அறைந்தது. கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"ஆஹா! மருமான் சொல்லாலேயே சம்மதம் சொல்றார் பாருங்கோ!" என்றார் பெரியவர் ஒருவர். "சண்டையெல்லாம் தீர்ந்துபோச்சு. சந்தோஷத்துல தாளம் போடறார் மனுஷர்!"

விஜயம், "அண்ணா!" என்று காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாடிப்பட்டிப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பிச்சுமணி தரையைப் பார்த்தபடியே பின்னால் போனான். செருப்பை மாட்டும்போது ஒருதரம் உள்ளே திரும்பிப் பார்த்தான். பாகீரதி அவனுக்கு ஒரு 'போய்ட்டு வா'கூடச் சொல்லவில்லை.

கல்யாணம் ஆயிற்று. "ஸ்யாமளாவை நன்னாப் பாத்துப்பியோன்னோ?" என்று ரயிலடியில் பாகீரதி கேட்டாள். "ஆஃப்கோர்ஸ், மாமி!" என்றான் மாப்பிள்ளை. அந்தச் சொல் அவள் காதில் தேனாக விழுந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். தினம் மோர் சாதத்தைக் கரைத்து அவருக்கு ஊட்டுவாள். நாலு வாய் ஊட்டிவிட்டு, "போதுமா?" என்பாள். "ஆஃப்கோர்ஸ்." கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அவர் கண் கிண்ணத்தோடு சமையலறை வரை போகும். முதல் தடவை அவளும் நினைக்காமல்தான் எழுந்தாள். இரண்டாம் தடவையிலிருந்து நினைத்துத்தான் எழுந்தாள். பசிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பசி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்ததுபோல் அந்தச் சந்தில் வேறு யாருக்குத் தெரியும்? "ஜன்னலைச் சாத்தட்டுமா?" என்று வேனல் மத்தியானத்தில் கேட்பாள். சாத்துவாள். பார்க்க வந்த பழைய மாணாக்கர்கள் வாசலைத் தாண்டும்போது, "ஆஃப்கோர்ஸ் வாத்தியாரைப் பாத்தாச்சு" என்று சிரித்துக்கொண்டு போவது உள்ளே கேட்கும். கேட்கட்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

ரெண்டு வருஷம் இப்படிப் போயிற்று. தலைப்பிரசவத்துக்கு ஸ்யாமளா வந்தாள். கொண்டுவந்து விட்ட அனந்தராமன், "ஆஃப்கோர்ஸ், மூணாம் மாசம் வந்து அழைச்சுண்டு போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். பெண் குழந்தை பிறந்தது. மூணாம் மாசம் வந்தது, அவன் வரவில்லை. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னையே காலியாகிக்கொண்டிருந்த சமயம், அதனால்தான் என்று இருந்தார்கள். குழந்தை தவழ்ந்தது, நின்றது, நடந்தது. விஜயம் தானே தேடிக்கொண்டு போய்விட்டு வந்தாள். வந்தவள் மன்னி பாகீரதியின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: பம்பாயில் இருக்கிறான். வேறொருத்தியோடு. அந்த உறவு கல்யாணத்துக்கு முன்னாலேயே இருந்ததாம். "ஏண்டா, இவளுக்கு ஒரு வழி சொல்லுடா, வந்து பாருடான்னேன். ஆஃப்கோர்ஸ் வரேன்மான்னு ரயிலேத்தி விட்டான் பாவி."

அன்றைக்குச் சாயங்காலம் ஸ்யாமளா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே அப்பாவின் கட்டிலண்டை போய் நின்றாள். பாகீரதி கதவோரம் வந்து நின்றுகொண்டாள்.

"வேண்டாம்னுதானே நின்னேள்? இலையைத் தூக்கி எறிஞ்சேளே! அப்புறம் ஏன் சரின்னேள்? நான் அழுதேன்னா? அழுதா அடிக்கறதுதானே? நெனவோடதானே சம்மதம் சொன்னேள்?"

பஞ்சாபகேசய்யர் பெண்ணைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டிக் கதவோரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆஃப்கோர்ஸ்."

இந்த இடத்தில் பாகீரதி வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தாள். "அன்னைக்கு நெனவாத்தான் இருந்தார்டி. அப்புறம்தான் மறுபடியும் வாதம் வந்து மூளை கலங்கிடுத்து" என்றாள். பின்கட்டில் ராக்கம்மாள் தேய்த்துக்கொண்டிருந்த அண்டா கை நழுவி உருண்டது.

ஸ்யாமளா அதற்கப்புறம் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. குழந்தை தாத்தா கட்டிலை நோக்கித் தளர் நடை போட்டால் பாதி வழியிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். கட்டிலிலிருந்து ஒரு இடது கை நீண்டபடியே கொஞ்ச நேரம் இருக்கும்.

பாகீரதிக்குத் தூக்கம் போயிற்று. கிண்ணத்தைப் பாதியில் எடுப்பதை நிறுத்தினாள், வழித்து ஊட்டினாள். அவருக்குத்தான் இப்போது இறங்கவில்லை. தையில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். ஸ்யாமளா குழந்தையோடு கொல்லையில் இருந்த ஒரு மத்தியான வேளையில், பாகீரதி கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏன்னா, அன்னைக்கு ஒரு காரணம் கேட்டேனே, சொல்லலையே. அவன் இப்படிப்பட்டவன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"ஆஃப்கோர்ஸ்."

"இல்லே, வெறுமனே அந்தச் சொல்லு பிடிக்காமதான் வேண்டாம்னேளா?"

"ஆஃப்கோர்ஸ்."

அவள் அவர் முகத்தை இரண்டு கையாலும் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். எதையாவது கண்டுபிடித்துவிடலாம் என்று கண்ணுக்குள் தேடினாள். அவரை அவள் கண்ணுக்குக் கண் பார்த்ததே எப்போதோ. இப்போது பார்த்து என்ன தெரியும்? "இல்லேன்னு ஒரு தரம் சொல்லுங்கோளேன். உன்மேல தப்பில்லேன்னு ஒரே ஒரு தரம் சொல்லிடுங்கோ. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஆஃப்கோர்ஸ்" என்றார், மூச்சு வாங்க.

நெற்றியைக் கட்டில் சட்டத்தில் முட்டிக்கொண்டாள். தலையைத் தூக்கிக் கேட்டாள்: "ஸ்யாமளாகிட்ட நான் சொல்லிடட்டுமா? நீங்க சம்மதமே சொல்லலே, எல்லாம் நான் பண்ணின காரியம்னு சொல்லிடட்டுமா?"

பஞ்சாபகேசய்யர் இடது கையை நகர்த்தி நகர்த்திக் கொண்டுவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுகியது. கண் அவள் முகத்தை விட்டு அசையவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னதில்லை. கத்தாமல், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.

"ஆஃப்... கோர்ஸ்."

பாகீரதி கையை விடுவித்துக்கொண்டாள். அது வெறும் சொல்தானே, டாக்டரே சொல்லியிருக்கிறாரே, அவரைக் கேட்டு எதையும் முடிவு பண்ணாதே என்று. புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்க் கஞ்சி காய்ச்சினாள். கஞ்சி ஆறுவதற்குள் அவர் போய்விட்டார்.

ஸ்யாமளா அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போனபிறகு, கூடத்துத் தூணில் சாய்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அப்பா கிடந்த இடத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "இந்த மனுஷர் மட்டும் அன்னைக்கு முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் இன்னைக்கு வாடிப்பட்டியில நன்னா இருந்திருப்பேன். இல்லையாம்மா?"

ராக்கம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் பாகீரதியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாண்டி" என்றாள் பாகீரதி.